பயிற்சிக்குப் போன பிள்ளைகள் விழாவுக்கு வரவில்லை

1

மேடையில் இருந்தவர்கள்: கல்லூரித் தாளாளர், முதல்வர், கங்கைகொண்டானிலிருந்து வந்திருந்த கம்பெனியின் மனிதவள மேலாளர், வேலைவாய்ப்பு அலுவலர், அறிமுகம் செய்தும் பேர் மனதில் நிற்காத இரண்டு பொன்னாடைக்காரர்கள். கீழே முதல் வரிசை ஓரத்தில் என் அப்பா. நான் விமானம் ஏறின அன்று அவர் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால், நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று கூட்டி வந்து உட்கார வைத்த முதலாண்டு சிவில் பிள்ளைகள். சுவரில் தொங்கிய வெள்ளைத் திரையில், வீடியோ அழைப்பில், ஆள் உயரத்துக்கு நான்.

இல்லாதவர்கள்: விழா யாருக்காகவோ அவர்கள். இறுதியாண்டு மெக்கானிக்கல் பிள்ளைகள் ஒருவர் விடாமல். அதில் என் தங்கை முப்பிடாதியும் ஒருத்தி.

விழாவின் பேர் 'கற்கும் கைகள்'. படிக்கும்போதே தொழிற்சாலையில் பயிற்சி கொடுக்கும் திட்டம் வெற்றிகரமாக நடப்பதைக் கொண்டாடும் விழா. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் தலைக்கவசம் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் லேத் மெஷினில் நின்று சிரிக்கிறாள். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் தலை எப்போதும் நிற்பவருக்கு இடது கைப் பக்கம் இருக்கும். பேனரில் அது வலது பக்கம் இருந்தது. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அச்சடித்து விட்டார்கள். மெஷின் வேலை சொல்லிக் கொடுப்பதாகப் பெருமைப்பட்டுக்கொண்டு அத்தனை பேர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

இங்கே ஜெர்மனியில் சனிக்கிழமை காலை. சமையலறை மேசையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி.

2

விழாவுக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

முப்பிடாதியும் நான் படித்த அதே பாலிடெக்னிக்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டின முதல் ஆள் நான், இரண்டாவது ஆள் அவள். அம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஆறு மாதம் முழுக்கத் தொழிற்சாலைப் பயிற்சி என்று கல்லூரி அவளைக் கங்கைகொண்டானில் இருந்த அந்தக் கம்பெனிக்கு அனுப்பியது. விடியுமுன் பாபநாசம் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நீல நிறச் சீருடை, ஷூ, கழுத்தில் படம் போட்ட அட்டை.

பஸ்ஸில் இருந்து எனக்குப் பேசுவாள். அவள் திரும்பி வரும் நேரம் எனக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை.

"எண்ணே, இன்னைக்கும் மூடிதான்."

பிளாஸ்டிக் குழாயில் மாட்டும் வால்வு செய்கிற கம்பெனி அது. வால்வுக்கு மூடி போடுவது, உறையில் போடுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது. இதுதான் பயிற்சி. முதல் நாளும் இதுதான், நாலாவது மாதமும் இதுதான்.

"மெஷினாவது பக்கத்துல போய்ப் பாத்தியா?"

"கண்ணாடி வழியாப் பாத்தேன். உள்ள போணும்னா சூப்பர்வைசர் கையெழுத்து வேணுமாம். அவ்வோகிட்ட கேட்டா, 'நீ எதுக்கும்மா அங்கன, இங்கன கையி வேகமா இருக்குல்லா'ன்னு சொல்லுதாவ."

வேகமாக மூடி போடுகிறவளை யார் மெஷினுக்கு அனுப்புவார்கள்? நன்றாகச் செய்யச் செய்ய அந்த மேசையிலேயே அவளைக் கட்டிப் போட்டார்கள். ஒழுங்காகச் செய்கிற பிள்ளைக்கே தண்டனை.

இதில் அப்பாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் பெரிய சிக்கல். சீருடையோடு மகள் பஸ் ஏறின முதல் நாளே தெருவுக்கு மிட்டாய் கொடுத்து விட்டார். 'முப்பிடாதிக்குக் கம்பெனியில வேலை.' கல்யாணத் தரகர் ஒருவர் வந்து, "பெர்மனன்ட் ஆயாச்சா?" என்று கேட்டிருக்கிறார். "இப்ப பதிலிதான். ஆயிரும்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

பதிலி என்றால் மில்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். நிரந்தர ஆள் வராத அன்றைக்கு அவன் இடத்தில் நிற்கிறவன் பதிலி. சங்கு ஊதும் முன் கேட்டில் போய் நிற்க வேண்டும். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் திரும்பி நடக்க வேண்டும். அப்பா அப்படி வருஷக்கணக்காக நின்றவர். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை, எதைச் சொன்னாலும் மாட்டேன் என்றதில்லை. கடைசியில் நிரந்தரம் ஆக்கினார்கள். உலகத்தில் மேலே போக அவருக்குத் தெரிந்த ஒரே ஏணி அது. அதையே மகளுக்கும் சாத்தி வைத்தார்.

"சொன்னதைச் செய்யட்டி. எதுத்துப் பேசாத. பாத்துக்கிட்டேதான் இருப்பான். ஒரு நாள் கூப்பிடுவான்."

ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆறு மாதம் முடிந்தால் இந்தப் பிள்ளைகள் போய் விடுவார்கள், அடுத்த கூட்டம் வரும். பதிலிக்காவது ஒரு நாள் ஒரு இடம் காலியாகும். பயிற்சிக்காரப் பிள்ளைக்குக் காலியாக ஒரு இடமே கிடையாது, ஏனென்றால் அந்த மேசையே பயிற்சிக்காரப் பிள்ளைகளை வைத்து ஓட்டுவதற்காகப் போட்டதுதான்.

அப்போதுதான் கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. சாமான் வார்க்கும் அச்சுகளைச் செய்கிற சின்னப் பட்டறை. நிஜமாகவே மெஷினில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று அங்கே சேர்ந்த சீனியர் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. ஒரு நாள் விடுப்பு வேண்டும். கம்பெனி தரவில்லை. கல்லூரியைக் கேள் என்றது. கல்லூரி, கம்பெனியைக் கேள் என்றது. சொல்லாமல் போனால் பயிற்சி ரத்து. பயிற்சி ரத்தானால் டிப்ளமோ நிற்கும்.

அந்த வாரத்தில்தான் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் எனக்குப் பேசினார். நான் படித்த காலத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதெல்லாம் 'ஏலே'தான்.

"தம்பி சுடலை, நல்லா இருக்கீங்களா? காலேஜுக்கே உங்களால பெருமை. விழாவுல அஞ்சு நிமிஷம் அங்க இருந்தே பேசணும். நம்ம பயிற்சிதான் இவ்வளவு தூரம் கொண்டு வந்துதுன்னு நாலு வார்த்தை. அப்பாவை நேர்ல கூப்பிட்டிருக்கோம். கேடயம் அவங்க கையில."

"சார், தங்கச்சி லீவு விஷயம்…"

"அதெல்லாம் பெரிய விஷயமா? விழா நல்லபடியா முடியட்டும். நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

பேசுகிறேன் என்றேன். ஒரு நாள் விடுப்புக்கு விலை ஐந்து நிமிஷப் பொய். பரவாயில்லை என்றுதான் நினைத்தேன்.

3

அவர் சொன்ன அந்தப் பயிற்சியை நானும் செய்திருக்கிறேன். வேறு கம்பெனி, வேறு சரக்கு, அதே மேசை.

இந்த நாட்டுக்கு வரும் முன் என் டிப்ளமோவை இங்கே உள்ள ஓர் அலுவலகம் அங்கீகரிக்க வேண்டியிருந்தது. எல்லாச் சான்றிதழையும் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, அனுப்பி வைத்தேன். மாதக்கணக்கில் பதிலே இல்லை. பிறகு ஒரு கேள்வி மட்டும் வந்தது. 'தொழிற்சாலைப் பயிற்சியில் எந்தெந்த மெஷினில், என்னென்ன வேலை, யார் மேற்பார்வையில் செய்தீர்கள்?' என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார். நடத்தை நன்று.' அதற்கு மேல் ஒரு வரி இல்லை. நடத்தையை வைத்துக்கொண்டு இரும்பை வெட்ட முடியாது. கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உமக்கு என்ன வேணுமோ எழுதிக் கொண்டாரும்வே, சீல் வச்சுத் தாரேன்" என்றார் அலுவலக எழுத்தர். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எழுதிக் கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. உள்ளதை எழுதினேன். பாதித் தகுதி என்று பதில் வந்தது. மீதிப் பாதியை இங்கே உதவியாளாக வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ளும்படி ஆயிற்று.

வந்த புதிதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வால்போல 'சார்' ஒட்டிக்கொண்டிருந்தேன். பட்டறைக்குப் பொறுப்பான மைஸ்டர், நம் ஊர் மேஸ்திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, தன் பேர் சட்டையில் எழுதியிருக்கிறது, படித்துக் கூப்பிடு என்றார். அவர் எதிரில் நான் கை கட்டி நிற்பதைப் பார்த்து, எனக்கு வேலையில் விருப்பம் இல்லை என்று முதல் மாதம் முழுக்க நினைத்திருக்கிறார். சொல்லாமல் மெஷினைத் தொடக் கூடாது என்று நான் நிற்கிறேன். தொடாமல் ஏன் நிற்கிறான் என்று அவர் பார்க்கிறார்.

அந்தப் பட்டறையில் யானா என்று ஒரு பயிற்சிப் பெண். முப்பிடாதி வயதுதான் இருக்கும். சேர்ந்த புதிதில் அவள் வாரக்கணக்கில் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாளாம். மெஷின் எல்லாம் பிறகுதான். ஒரு தடவை சரக்கு நிறையப் போக வேண்டியிருந்தது. மேஸ்திரி அவளைப் பெட்டி கட்டச் சொன்னார். முதல் நாள் கட்டினாள். இரண்டாம் நாளும் கட்டினாள். மூன்றாம் நாள் காலையில் அவர் முன்னால் போய் நின்று, "நான் இதைக் கற்றுக்கொண்டு விட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என்ன திமிர் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்பாவின் ரத்தம் அல்லவா? மேஸ்திரி முகம் சிவந்தது. ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "சரிதான்" என்று சொல்லி அவளை மெஷினுக்கு அனுப்பினார். அன்றைய பெட்டிகளை நான் கட்டினேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கு அது வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. அவளுக்கு அது, கற்கிற நாளில் இருந்து பிடுங்கிக்கொண்ட நேரம்.

பெட்டிக்கு டேப் ஒட்டும்போதுதான் என்னுடைய ஆறு மாதம் எனக்குப் புரிந்தது. அதுவரை அதை ஒரு கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். அது களவு என்று, களவு கொடுத்து இத்தனை வருஷம் கழித்து, வேறு ஒரு நாட்டில் பெட்டி கட்டும்போது தெரிகிறது. இங்கே எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கேயும் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்து விட்டாவது வழி விடுகிறார்கள்.

4

விழாவுக்குத் திரும்புகிறேன். மனிதவள மேலாளர் பேசினார்.

"எங்கள் நிறுவனத்தில் மாணவர்கள் உழைப்பதில்லை, கற்கிறார்கள். அவர்களை எங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே பார்க்கிறோம்."

அவர் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறதோ, அது வால்வுக்கு மூடி போடுகிறதோ, தெரியாது. மேடையில் முந்திரிப் பருப்புத் தட்டு கை மாறிக்கொண்டிருந்தது. தாளாளர் ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டே தலையாட்டினார். சிவில் பிள்ளைகளில் ஒருவன் தூங்கி விழுந்தான்.

என் முறை வந்தது. எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டேன். 'இந்தக் கல்லூரி எனக்குத் தந்த பயிற்சியே…' என்று முதல் வரி. வாசிக்கும் முன் வணக்கம் சொல்ல நிமிர்ந்தேன். அப்பா என்னைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் கையைப் பாதி தூக்கி, மகனைக் கும்பிடலாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வாசிக்க வரவில்லை.

"பயிற்சிக்குப் போன பிள்ளைகளோட ரெண்டு வார்த்தை பேசணும் சார். எங்க உக்காந்திருக்காங்க?" என்று கேட்டேன். சத்தியமாகச் சண்டைக்கு இழுக்கக் கேட்கவில்லை. பேச்சை எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர்தான் மைக்கை வாங்கினார்.

"அவங்க இன்னைக்கு ஷிப்டுல இருக்காங்க தம்பி. மாசக் கடைசி பாருங்க. சரக்கு நிக்கக் கூடாதுல்லா."

சொல்லி விட்டுச் சிரித்தார். மேடையும் சிரித்தது. மேடை சிரித்ததால் பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அருவருப்பு என்ற சொல்லை அதுவரை கறிக்கடைச் சாக்கடைக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். கற்பதற்காகப் போன பிள்ளைகள் தங்கள் விழாவுக்கு வர முடியாத அளவுக்கு வேலை. அதை மறைக்க வேண்டும் என்றுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெட்கப்பட்டிருந்தால் நான் எழுதி வைத்ததை வாசித்திருப்பேன்.

"என்கிட்ட இந்த நாட்டுல ஒரு கேள்வி கேட்டாங்க" என்று ஆரம்பித்தேன். "பயிற்சியில என்ன செஞ்சேன்னு. அட்டைப்பெட்டியில லேபிள் ஒட்டினேன்னு எழுதினேன். என் தங்கச்சிகிட்ட நாளைக்கு யாராவது கேட்டா, வால்வுக்கு மூடி போட்டேன்னு அவ எழுதுவா. இங்க உக்காந்திருக்க முதலாண்டுப் பிள்ளைங்க கேளுங்க. உங்களை எந்த மெஷின்ல நிறுத்துவோம்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. கொடுக்கலேன்னா…"

சத்தம் போய் விட்டது. வேலைவாய்ப்பு அலுவலர் கையை விரித்து, 'நெட்வொர்க்' என்று சொல்வது உதட்டில் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். படம் மட்டும் ஓடியது. அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்து, அவரைத் திருப்பி, கேமராவைப் பார்க்க வைத்தார்கள். பேனரில் இருந்த அந்த இடம் வலம் மாறிய மெஷின் அவர் தலைக்கு நேர் பின்னால் இருந்தது.

5

"சபையில வச்சு இப்படியாலே பேசுவ?" என்று அப்பா மதியம் கூப்பிட்டார். "பஸ் காசு கொடுத்து, காப்பி கொடுத்து, மரியாதையா நடத்துனாவ. உப்பைத் தின்னுட்டு…"

"எப்பா, அங்க பிள்ளைங்க ஒருத்தரையும் காணோமே. நீங்க பாக்கலையா?"

"வேலை இருந்தா வேலைக்குத்தாம்லே போவாங்க. அதுல என்ன குத்தம்?"

விடுப்புக் கையெழுத்து வரவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்த முப்பிடாதி, அம்மாவிடம் மட்டும் சொல்லி விட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"எண்ணே, லேத்துல இரும்பை மாட்டி முறுக்குத சாவிய எடுக்காமலே சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போயிட்டேன். தேர்வு வச்ச அண்ணாச்சி பாய்ஞ்சு வந்து என் கையைப் புடிச்சுட்டாவ."

அந்தச் சாவியோடு மெஷின் ஓடினால், தெறித்து வந்து ஆளையே அடிக்கும். முதலாண்டுப் பிள்ளைக்கே தெரிய வேண்டியது. நாலு மாதம் மூடி போட்ட கைக்கு மறந்து விட்டது.

"பெறகு?"

"திட்டுனாவ. நாலு மாசம் என்னம்மா பயிற்சி எடுத்தன்னு கேட்டாவ. உள்ளதைச் சொன்னேன். பெறகு, அரத்துல இருந்து ஆரம்பிக்கியா, மெஷினுக்கு அவசரப்பட மாட்டியேன்னு கேட்டாவ. சரின்னுட்டேன்."

"அரமா?" என்றேன். யானா ராவிக்கொண்டிருந்த இரும்புத் துண்டு நினைவுக்கு வந்தது.

"அரம்தான். சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை.

அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. நிரந்தரம் ஆகிற நேரத்தில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாமல் போனதற்காகக் கம்பெனி பயிற்சியை ரத்து செய்து, சீருடையையும் ஷூவையும் திருப்பிக் கேட்டது. அவரேதான் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்தபோது, தேய்மானம் என்று சொல்லி அவற்றுக்குக் காசும் வாங்கிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, விடியுமுன் டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருக்கிறார். கம்பெனி பஸ் வந்தது. ஏறுவதற்கு நின்ற பிள்ளைகளில் புதிதாக ஒரு பெண். பதினெட்டு வயதுகூட இருக்காது. அவள் போட்டிருந்த நீலச் சட்டையின் காலரில் சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி. கல்லூரி விடுதியில் இருந்த நாளில் மற்றப் பிள்ளைகள் துணியோடு கலந்து விடக் கூடாது என்று அம்மா முதலாண்டிலிருந்தே முப்பிடாதி துணி எல்லாவற்றிலும் போட்டு வந்த தையல் அது. அந்தப் பெண்ணின் அப்பாவும் பக்கத்தில் நின்றிருக்கிறார். இவரைப் பார்த்து, "பிள்ளைக்குக் கம்பெனியில வேலை அண்ணாச்சி. இப்ப பதிலி மாதிரிதான். ஆயிரும்" என்றாராம்.

அன்று காலையிலேயே அப்பா எனக்குப் பேசினார். இங்கே நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"அந்தாளுகிட்ட நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? மிட்டாய் நீட்டுனாரு. வாங்கிக்கிட்டேன்."

கோயம்புத்தூருக்கு முப்பிடாதியைக் கொண்டுபோய் விட்டு வந்தது அப்பாதான். அவள் அரத்தோடு நிற்கிற படம் எனக்கு வந்தது. விரல் நுனியெல்லாம் கறுப்பு. டூல் ரூமில் கற்கிற மாதங்களைப் பயிற்சியாக ஏற்றுக்கொள்ளக் கல்லூரி ஒப்புக்கொண்டது, மறுபதிவுக் கட்டணம் கட்டினால். மூடி போட்டதற்கு ஒரு கட்டணமும் இல்லை, விழா எடுத்தார்கள். உள்ளபடி கற்றுக்கொள்ளப் போனதற்குத்தான் கட்டணம்.

கேடயம் வீட்டில் இருக்கிறது. ஈரச் சாக்கில் சுற்றின பீடி இலைக் கட்டின்மேல் அம்மா அதைப் பாரமாக வைத்திருக்கிறாள். "கனமாத்தான் செஞ்சிருக்கான்" என்றாள். கட்டணம் கட்டப் போன அன்றுதான் அது யார் காசில் செய்தது என்று தெரிந்தது. விழாவுக்கென்று இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு பங்கு வசூலித்திருக்கிறார்கள். ஷிப்டில் இருந்ததால் முப்பிடாதி கட்டாமல் விட்டிருந்தாள். அதையும் சேர்த்துத்தான் ரசீது போட்டார்கள்.

சீருடைத் தேய்மானம் ஆயிரத்து எண்ணூறு. மறுபதிவு நாலாயிரத்து ஐந்நூறு. எனக்கு அவர்கள் கொடுத்த கேடயத்தில் என் தங்கையின் பங்கு இருநூற்றைம்பது. ஆகமொத்தம், ஆறாயிரத்து ஐந்நூற்றைம்பது ரூபாய்.